மாத்திரை எழுதும் முன் கேட்க வேண்டியது

எனக்கு மனச்சோர்வு வந்து மருத்துவரிடம் போனபோது அவர் கேட்டதெல்லாம் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எத்தனை நாளாக இப்படி, இவ்வளவுதான். அப்புறம் மாத்திரை எழுதிவிட்டார். நான் அப்போது ஒன்றரை வருடமாக ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன், கழுத்து வரை கடன், மனசு விட்டுப் பேச ஆளில்லை. இதில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, அதெல்லாம் நோயோடு சம்பந்தப்பட்டது என்றே தெரியாது.

மாத்திரையால் தூக்கம் திரும்பியது, அது உண்மை. ஆனால் எழுந்தால் அதே ஷிப்ட், அதே கடன்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1970களில் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் பெண்களிடம் உட்கார்ந்து விரிவாகப் பேசி ஆராய்ந்தார்கள். மனச்சோர்வில் விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன்னால் ஒரு பெரிய இழப்போ, தீராமல் இழுத்துக்கொண்டே இருந்த ஒரு கஷ்டமோ இருந்தது. அதே அடி பட்டும் விழாதவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு எதையும் சொல்லக்கூடிய நெருக்கமான ஒருவர் இருந்தார். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, இவ்வளவு காலமாகத் தெரிந்த ஒன்றை ஏன் இன்னும் கேட்பதில்லை என்று.

ஜிம்பாப்வேயில் கேட்கிறார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஹராரேயில் தொடங்கிய திட்டம் அது. சுகாதார நிலையத்தின் வளாகத்தில் ஒரு மர பெஞ்ச், அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. நோயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தாமல், அவர்கள் ஷோனா மொழியில் புழங்கும் 'குஃபுங்கிசிசா', அதாவது ஓயாமல் யோசித்துக்கொண்டே இருப்பது, என்ற சொல்லிலேயே பேச்சைத் தொடங்குகிறார்கள். வந்தவர் தன் பிரச்சினைகளையெல்லாம் கொட்டுகிறார், அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்ததாக 2016-ல் வெளியான ஆய்வு சொன்னது.

பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டுதலும், லேசான மனச்சோர்வென்றால், நோயாளியே கேட்டாலொழிய, முதல் சிகிச்சையாக மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பேச்சு சிகிச்சை, குழுவாக உடற்பயிற்சி, மனசு வரட்டும் என்று காத்திருக்காமல் தினமும் ஒரு சின்ன வேலையைத் திட்டமிட்டுச் செய்வது, இதெல்லாம் அதில் இருக்கிறது.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம், தூக்கமின்மை என்று உடம்பு படுத்திவிடும்; மருத்துவரோடு பேசிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். படுக்கையை விட்டு எழவே முடியாதவருக்கு மாத்திரை தேவைப்படலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி மருத்துவரிடம் போங்கள்.

நானும் மாத்திரையை உடனே விடவில்லை. முதலில் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கினேன், கடனைப் பற்றி அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவள் பணம் எதுவும் தரவில்லை, அவளிடமும் இல்லை. ஒரு நோட்டை எடுத்து யாருக்கு எவ்வளவு என்று வரிசையாக எழுதச் சொன்னாள், அன்று ராத்திரி இரண்டு பேரும் அதை எழுதி முடித்தோம்.