வெள்ளத்துக்கு முன்பே கழகங்களுக்குக் காசு கொடுங்கள்

மாரி தொடங்கப் போகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெள்ளம் ஏறினால் முதலில் இறங்குவது ஊர் இளைஞர் கழகப் பிள்ளைகள்தான். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

இலங்கை அரசு எப்போதெல்லாம் இளைஞர்களை நினைத்திருக்கிறது என்று பாருங்கள். 1960களின் பிற்பகுதியில் டட்லி சேனநாயக்க அரசு வேலையில்லாதவர்களைக் காடு வெட்டிக் கமம் செய்யத் திரட்டியது. 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் வந்தது. 1987-89இல் தெற்கில் நடந்த இரண்டாவது கிளர்ச்சியின் இரத்தக்களரிக்குப் பிறகு இளைஞர்கள் பற்றி ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தார்கள். அரசியல் செல்வாக்கால் தொழில் கொடுப்பது இளைஞர்களை எவ்வளவு விரக்தியடைய வைத்தது என்று அதன் 1990ஆம் ஆண்டு அறிக்கை விளக்கமாகச் சொன்னது. 2002இல் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க இளைஞர் படையணிச் சட்டம். வேலையில்லாத இளைஞன் என்ன செய்துவிடுவானோ என்ற பயம்தான் இத்தனைக்கும் அடியில் கிடக்கிறது என்பது என் கருத்து.

அதனால்தான் காசு பயிற்சிக்கும் விளையாட்டு விழாவுக்கும் முகாமுக்கும் போகிறது. அவையும் வேண்டும், அங்கே தொழில் பழகி முன்னேறிய பலரை எனக்குத் தெரியும். ஆனால் தொண்டு என்று வந்தால் சிரமதானப் படத்தோடு முடிந்துவிடுகிறது.

வெள்ள நேரத்தில் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். கிடாரத்தில் சோறு வேகும்போதே ஒரு பிள்ளை கொப்பியில் பெயர் எழுதிக்கொண்டிருப்பாள்: எத்தனை குடும்பம், யாருக்குக் கைக்குழந்தை, யார் நிறைமாதம், யாருக்கு இன்சுலின் தேவை. பிறகு வரும் எல்லா நிவாரணமும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பிரிபடும். வெளியே சோற்றுப் பார்சல் ஏற்றிய உழவு இயந்திரம் நிற்கும். டீசலுக்குக் கடை கடையாய்க் காசு சேர்த்திருப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறவனுக்கு ஒரு மிதவை அங்கி கிடையாது. அவனுக்கு ஏதாவது நடந்தால் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? 2004 சுனாமியன்றும் கரையோர ஊர்களில் உடல்களைத் தூக்கியது இப்படி வெறுங்கையோடு ஓடிய பெடியன்கள்தான்.

நான் கேட்பது பெரிய தொகையில்லை. ஒவ்வொரு கழகத்துக்கும் ஒக்டோபருக்கு முன் ஒரு சிறு நிதி, அதைச் செலவழிக்கும் உரிமை, கயிறு, மிதவை அங்கி, முதலுதவிப் பெட்டி. கட்டாயமாக ஒரு காப்புறுதி. அப்புறம், அந்தக் கொப்பி எழுதும் பிள்ளைக்குப் பிரதேச செயலகத்தின் அனர்த்தக் கூட்டத்தில் ஒரு கதிரை.

என் நட்புப் பட்டியலில் பிரதேச சபை உறுப்பினர்கள் சிலர் இருக்கிறீர்கள். அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும்போது உங்கள் வட்டாரக் கழகங்களின் பெயரைச் சொல்லி இதைக் கேளுங்கள்.