நியூயார்க் ஊக்கத்தொகைத் திட்டம்: ஒரு திருத்தம்

நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஊக்கத்தொகை வழங்கியதால் ஆசிரியர்களின் பணி உற்சாகம் நிலையாக உயர்ந்தது என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. 2007-இல் தொடங்கிய அத்திட்டத்தில், பள்ளி தன் இலக்கை முழுமையாக எட்டினால் ஆசிரியர் சங்க உறுப்பினர் ஒருவருக்கு 3,000 டாலர் என்ற கணக்கில் பள்ளிக்குத் தொகை வந்தது. அதைப் பகிரும் முறையைத் தலைமையாசிரியரும் சங்க உறுப்பினர்களும் அடங்கிய நால்வர் குழு முடிவுசெய்தது. பெரும்பாலான குழுக்கள் ஏறக்குறையச் சமமாகவே பகிர்ந்தன. சக ஆசிரியரைப் போட்டியாளராகப் பார்க்க அவர்கள் விரும்பவில்லை என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 2011-இல் வெளிவந்த, ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் மதிப்பாய்வு, மாணவர் மதிப்பெண்களிலோ ஆசிரியர்களின் மனப்போக்கிலோ பணிமுறையிலோ அத்திட்டத்தால் முன்னேற்றம் ஏற்படவில்லை என்று கண்டறிந்தது. அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது.

ஆந்திரப் பிரதேசக் கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வில் ஊக்கத்தொகை மதிப்பெண்களை உயர்த்தியது உண்மைதான். ஆனால் அதை ஆசிரியர் உற்சாகத்துக்கான சான்றாகக் காட்ட முடியாது. பாடம் தயாரிக்க நேரமும், வகுப்பறை முடிவுகளில் உரிமையும், சிக்கல் வரும்போது பக்கத்தில் நிற்கும் தலைமையாசிரியரும் இல்லாத பள்ளியில், ஆண்டுக்கொரு முறை வரும் தொகை அந்தக் குறையை ஈடுசெய்யும் என்று எதிர்பார்ப்பது ஆசிரியர்களுக்கு நியாயம் செய்வதாகாது.