புளிப்புக்குக் கொட்டை மட்டும் காரணமல்ல

கொட்டையை வறுத்து விற்கும் சிறிய ரோஸ்டர்களின் காபி வெறும் புளிப்பு, பையில் எழுதியிருக்கும் பழவாசனை எல்லாம் விளம்பரம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் ஒப்புக்கொள்வேன். 'மல்லிகை, பீச், பெர்கமாட் (ஒருவகை எலுமிச்சை இனப் பழம்)' என்று அடுக்குவது சில சமயம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அண்மையில் தற்செயலாகக் கண்டுபிடித்த ஒரு சின்ன ரோஸ்டரிடம் எத்தியோப்பியாவின் யிர்கசெஃபே பகுதிக் கொட்டை வாங்கினேன். பழத்தோடு அப்படியே உலர்த்தும் 'நேச்சுரல்' வகை. பையைத் திறந்ததுமே பெர்ரி வாசனை தூக்கியது. அதில் பொய் இல்லை.

புளிப்புக்கு நாம் காபி போடும் விதமும் காரணம். லேசாக வறுத்த கொட்டை கெட்டியானது, சாரம் எளிதில் இறங்காது. தண்ணீர் சூடு போதாவிட்டாலோ அரைப்பு கொரகொரப்பாக இருந்தாலோ புளிப்புதான் முன்னால் நிற்கும். கொதி அடங்கியதும், 95 டிகிரி அளவில், ஊற்றிப் பாருங்கள். 15 கிராம் தூளுக்கு 240 மில்லி போதும். அப்புறம், வறுத்த மறுநாளே குடிக்க வேண்டாம். உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேற ஒரு வாரமாவது விடுங்கள். குடிக்கும்போதும் சற்று ஆறட்டும், இனிப்பு அப்போதுதான் தெரியும்.

வறுத்த தேதி போடாத பையை மட்டும் வாங்காதீர்கள், எவ்வளவு அழகான பையாக இருந்தாலும் சரி.