எட்டு அடி இல்லாத வராந்தா வெறும் அலங்காரம்

பண்ணை வீட்டுப் பாணியில் கட்டுகிறவர்கள் வெளியே உட்கார இடம் வேண்டும் என்று எடுத்து வரும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். தோட்டத்து நடுவில் தனி மேடை, மேலே மரச்சட்டங்கள், கீழே சோபா. படத்துக்கு அழகு. ஆனால் சரிவுக் கூரையும் தாழ்ந்த இறவாரமும் உள்ள வீட்டோடு அது ஒட்டவே ஒட்டாது. வெயிலோ தூறலோ வந்தால் அந்தப் பக்கம் யாரும் போகவும் மாட்டார்கள். என் வாக்கு வீட்டோடு சேர்ந்த வராந்தாவுக்குத்தான்.

வராந்தாவிலும் சொதப்புவது அகலத்தில். நாற்காலியும் அதில் உட்கார்ந்தவர் நீட்டும் காலும் சேர்ந்து மூன்றரை அடியைத் தின்றுவிடும். அதைத் தாண்டி ஆள் நடக்க மூன்று அடி வேண்டும். ஐந்தடி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு முறையும் காலை மடக்கி வழிவிட வேண்டியதுதான். எட்டடி என்றால் தாராளம், சாப்பாட்டு மேசை போடுவதென்றால் பத்து. நாலு பக்கமும் ஐந்தடியில் சுற்றி ஓடவிடுவதை விட, இரண்டு பக்கம் மட்டும் எட்டடியில் போடுங்கள்.

எட்டடி என்று முடிவு செய்ததும் கூரைக் கணக்கு இடிக்கும். 25 டிகிரி சரிவில் இறங்கும் ஓட்டுக் கூரை எட்டடி தூரத்தில் 3 அடி 9 அங்குலம் கீழே வந்துவிடும். சுவரில் பத்தடி உயரத்தில் தொடங்கினால் வெளி விளிம்பு ஆறேகால் அடியில் நிற்கும். அதற்குக் கீழே உத்தரம் வேறு. உயரமானவர் குனிந்துதான் வர வேண்டும். சரிவைக் குறைத்து அதே ஓட்டைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சரிவு குறைந்தால் தண்ணீர் மெதுவாக ஓடும், காற்று அதை ஓட்டின் இணைப்புக்குள் ஏற்றிவிடும். ஒன்று, கூரையைச் சுவரில் இன்னும் மேலே தொடங்க வேண்டும். அல்லது வீட்டுக்கு ஓடு, வராந்தாவுக்கு உலோகத் தகடு என்று பிரித்துவிட வேண்டும். தகட்டுக்கு 10 டிகிரி போதும், இறக்கம் ஒன்றரை அடிக்குள் முடிந்துவிடும். பண்ணை வீட்டில் இந்தக் கலப்பு உறுத்தாது. மழைச் சத்தம் பிடிக்காதவர்கள் தகட்டுக்கு அடியில் காப்புப் பலகையும் மரத்தாலான உள்கூரையும் சேர்த்துக் கொள்ளலாம்.

கூரை சுவரைத் தொடும் இடத்தில் தண்ணீர் இடுக்கில் புகாமல் மறைக்கும் தடுப்புத் தகடு ஆறு அங்குலமாவது சுவரில் ஏற வேண்டும். அதன் மேல் விளிம்பைச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிச் செருகிப் பூசுங்கள். வெறும் சீலன்ட் பசை வைத்து ஒட்டினால் சில பருவங்களில் காய்ந்து பிளந்துவிடும். அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் கசியும்.

தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் (வெளிப்பக்கச் சரிவு), எட்டடிக்கு இரண்டு அங்குலம். வீட்டுத் தரையை விட இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாகத் தொடங்கினால் சாரல் தண்ணீர் நிலைப்படியைத் தாண்டாது. பாலீஷ் டைல்ஸ் வேண்டாம், நனைந்தால் வழுக்கும். இறவாரத் தண்ணீர் விழும் கோட்டில் இரண்டடி அகலத்துக்கு ஜல்லி பரப்புங்கள். இல்லாவிட்டால் சேறு தெறித்துச் சுவரின் அடி கறுத்துவிடும்.

மரத்தூண் நான்கு அங்குலச் சதுரத்தில் குச்சி போலத் தெரியும், ஆறுதான் இந்தக் கூரைக்குப் பொருத்தம். தூணை நேராகத் தரையில் ஊன்றாதீர்கள். மரம் வெட்டுமுகம் வழியாகத்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும், அடியிலிருந்து மக்கும். இரும்புப் பாதம் வைத்து ஒரு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள்.

மேற்கு பார்த்த வராந்தாவுக்குக் கூரையை எவ்வளவு நீட்டினாலும் மாலை வெயில் கீழாகவே நுழையும். அங்கே மூங்கில் தட்டியோ கொடியோதான் தீர்வு. எட்டடி நிழல் பின்னால் இருக்கும் அறையை இருட்டாக்கும் என்பதும் உண்மை. ஓட்டுக் கூரையில் ஆங்காங்கே கண்ணாடி ஓடு பதித்து, உள்கூரைக்கு வெள்ளை அடித்தால் பெருமளவு சரியாகும்.

கைப்பிடிக் கம்பிக்குப் பதில் தூண்களுக்கு நடுவே ஒன்றரை அடி உயரத்தில் திண்ணை கட்டினால் பாதி நாற்காலி மிச்சம். தரை மண்ணிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் உயர்ந்திருந்தால் மட்டும் கம்பியைத் தவிர்க்காதீர்கள்.

ஊஞ்சலை வராந்தாவின் கடைக்கோடியில், நீளவாக்கில் ஆடும்படி மாட்டுங்கள். அகலவாக்கில் ஆடினால் எட்டடியும் அதற்கே போய்விடும். கொக்கி உள்கூரையில் அல்ல, உத்தரத்தைத் துளைத்து மறுபக்கம் வாஷரும் நட்டும் போட்டு முடுக்கியதாக இருக்க வேண்டும்.