அந்தப் பெட்டிக்குள் நாலு குஞ்சுகள் இருந்தன

சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் என்ன நடந்தது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஆண்டு விழாப் படங்களோடு கதை வந்து சேர்ந்திருக்கும். "குருவிப் பெட்டிக்காகச் சண்டை பிடிச்ச அக்கா" என்று என்னைப் பற்றி இரண்டு இடத்தில் கதைத்தார்களாம். நான் சண்டை பிடிக்கவில்லை. விழாவுக்கு வெள்ளையடிக்க, தாழ்வாரத்தில் நாங்கள் மாட்டியிருந்த மூன்று சிட்டுக்குருவிப் பெட்டிகளையும் கழற்றிவிட்டார்கள். அதற்கு ஒரு கேள்விதான் கேட்டேன். கழற்ற முதல் உள்ளே எட்டிப் பார்த்தீர்களா? இன்றுவரை அதற்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மூன்று பெட்டிகளும் கடையில் வாங்கியவை அல்ல. மாசி மாதம் முழுக்க, சனி ஞாயிறு பின்னேரங்களில், எங்கள் வீட்டு விறாந்தையில் என் மகனும் மகளும் செய்தவை. அவனுக்கு 12 வயது, அவளுக்கு 9. கோடிக்குள் கிடந்த பழைய வேப்பங்கதவின் பலகை. வேம்பு என்றால் கறையான் லேசில் கிட்ட வராது. அளவெல்லாம் தேடிப் பார்த்துத்தான் செய்தோம். அடிப்பலகை ஆறு அங்குலத்துக்கு ஆறு அங்குலம். வாசல் துளை 32 மில்லிமீற்றர். அதைவிடப் பெரிதாக விட்டால் மைனா நுழைந்து இடத்தைப் பிடித்துவிடும், சிறிதானால் சிட்டுக்குருவியே சிரமப்படும். மகன் தன் கொம்பாஸ் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்து 16 மில்லிமீற்றர் ஆரையில் வட்டம் கீறினான். வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளை போட்டு, உளியால் தட்டி எடுத்து, அரத்தால் ராவி வழவழப்பாக்கியது முழுக்க அவன்தான். முதல் பலகை வெடித்துப் போனது. அன்றைக்கு அவன் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. அடுத்த நாள் விடிய எழும்பி இரண்டாவது பலகையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தான்.

வாசலுக்குக் கீழே குருவி வந்து இருக்க ஒரு குச்சி வைக்க வேண்டும் என்று மகள் அடம் பிடித்தாள். படங்களில் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது. குருவிக்கு அந்தக் குச்சி தேவையில்லை, காகமும் பூனையும்தான் அதில் கால் வைத்து உள்ளே கை விடும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தான் சீவி வைத்திருந்த பூவரசங்குச்சியைத் தூக்கி எறிந்தாள். அடியில் நாலு மூலையிலும் மழைத்தண்ணி வடிய ஓட்டை, மேலே வெக்கை போக ஒரு விரல் இடைவெளி. கூரைப் பலகையைத் திறந்து துப்பரவாக்க வசதியாக, பிணைச்சலுக்குப் பதில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஆணி அடித்தோம். உள்ளே பெயின்ற் அடிக்கவில்லை. குஞ்சுகள் காலால் பற்றி ஏற வேண்டும் என்பதற்காக, வாசல் பலகையின் உட்பக்கத்தை மரம் அறுக்கும் வாளால் கீறிச் சொரசொரப்பாக விட்டோம். இதெல்லாம் தெரியாமல், பெட்டிகளைக் கழற்றியவர் "உது ஒரு ஒழுங்கா இழைக்காத பலகை" என்று சொன்னார். இழைக்கத் தெரியாமல் இல்லை. இழைக்கக் கூடாது என்பதற்காக விட்டது.

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவிகள் நாள். 2010ஆம் ஆண்டிலிருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு நிலையத்தில் சின்னக் கூட்டம் வைத்து, தாழ்வாரத்தின் கீழ், நிலத்திலிருந்து ஒன்பது அடி உயரத்தில் மூன்று பெட்டிகளையும் மாட்டினோம். சோளகக் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் மறைவான இடம். நானே களவாகக் கொண்டுபோய் மாட்டவில்லை. நிர்வாகத்தைக் கேட்டு, அவர்களும் வந்து நின்று, கைதட்டி, படம் எடுத்துத்தான் மாட்டியது. அந்தப் படம் இப்போதும் நிலையத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. என் மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், போய்ப் பாருங்கள்.

சித்திரை வருசப் பிறப்புக்குப் பிறகு நடுப்பெட்டியில் ஒரு சோடி வைக்கோலும் கோழி இறகும் கொண்டு போகத் தொடங்கியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. பேப்பர் வாசிக்க வரும் ஐயாமார் கூட எங்களுக்குச் செய்தி சொன்னார்கள். குஞ்சு பொரித்ததும் மகள் ஒரு கொப்பியோடு போய் எதிர் வாங்கில் இருந்து எண்ணினாள். ஒரு மணித்தியாலத்தில் தாயும் தகப்பனும் 17 தடவை இரை கொண்டு வந்தன. நெல்லு, அரிசி இல்லை. பச்சைப் புழு, வெட்டுக்கிளி, சின்னச் சின்னப் பூச்சி. குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் பூச்சிதான் சாப்பாடு என்பதை நான் புத்தகத்தில் வாசித்தேன். அவள் கண்ணால் பார்த்து எழுதினாள்.

சனிக்கிழமை காலை, விழாவுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் மூன்று பெட்டிகளையும் கழற்றிப் பின்னால் கிணற்றடிச் சீமெந்தில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பின்னேரம் மகள் வழமைபோலக் கொப்பியோடு போயிருக்கிறாள். சுவர் வெறுமையாக இருக்கிறது, தாய்க் குருவி தாழ்வாரத்தில் வாயில் புழுவோடு அங்குமிங்கும் பறக்கிறது. இவள் தேடிக்கொண்டு பின்னால் போயிருக்கிறாள். "அம்மா, உள்ளுக்குச் சத்தம் கேக்குது" என்று ஓடி வந்தாள். நான் போய்த் திறந்தபோது நாலு குஞ்சுகளில் இரண்டு செத்துவிட்டன. எறும்பு மொய்த்திருந்தது. மற்ற இரண்டும் முள்ளு முள்ளாய் இறகு முளைத்து, கண் திறந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. வைகாசி வெயிலில், தண்ணி இல்லாமல், சீமெந்தில், முழுநாள்.

ஒரு கிழமை. நான் கேட்பது இவ்வளவுதான். முட்டை வைத்ததிலிருந்து அடைகாக்க 12 நாள் வரும், பொரித்துப் பறக்க இன்னும் 15 நாள். மொத்தமே ஒரு மாதம் இல்லை. அதில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அந்த ஒரு பெட்டியை மட்டும் விட்டுச் சுற்றிவர வெள்ளையடித்திருக்கலாம். முடியாது என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வீடு நிலையத்திலிருந்து நாலாவது படலை. என் இலக்கம் செயலாளரிடம் இருக்கிறது. ஒரு வார்த்தை.

சரி, மறுபக்கத்தையும் சொல்கிறேன். எச்சம் விழும். உண்மை. பேப்பர் மேசையை ஒரு அடி தள்ளிப் போட்டால் தீரும் பிரச்சினை, அதை நாங்கள் சித்திரையிலேயே தள்ளிப் போட்டுவிட்டோம். விழாவுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள், பழைய பலகைப் பெட்டி தொங்கினால் வடிவில்லை என்றார்கள். வந்தவர்களில் ஒருவராவது அண்ணாந்து தாழ்வாரத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று ஒரு ஆசிரியரே என்னிடம் சொன்னார். மகளுக்கு அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை. சனி ஞாயிறு ரியூசனுக்கு அனுப்பாமல் வாளும் ஆணியும் கொடுத்து வைத்திருக்கிறேனாம். விட்டத்துக்கும் ஆரைக்கும் வித்தியாசம் என்ன என்று என் மகனிடம் இப்போது கேளுங்கள், சொல்வான். அதற்கு முதல் மூன்று தவணையும் அதிலேதான் புள்ளி குறைந்தது. ஆனால் நான் இதைப் புள்ளிக்காகச் செய்யவில்லை, புள்ளிக்காகச் செய்தேன் என்று நிரூபிக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஒரு பலகையை அளந்து, அறுத்து, பிழைத்தால் திருப்பி அறுத்து, இன்னொரு உயிர் வந்து குடியிருக்கிறதைப் பார்க்க ஒரு பிள்ளைக்குக் கிழமையில் மூன்று மணித்தியாலம் இல்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு எங்களிடம் என்னதான் இருக்கிறது?

இன்னொன்று சொன்னார்கள். அது என்னை இரவு நித்திரை கொள்ள விடவில்லை. "இந்த மண்ணில எத்தனை சனம் செத்தது, நீ குருவிக்கு அழுகிறாய்."

இதைச் சொன்ன அண்ணையை நான் மதிக்கிறேன். அவர் வீட்டு இழப்பு எனக்குத் தெரியும். ஆனால் அண்ணை, அந்தக் காலத்திலிருந்துதான் நான் இதைப் படித்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரோடு இடம்பெயர்ந்து நாங்கள் நடந்தபோது எனக்கு என் மகளின் வயது. தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் இருந்துவிட்டு 1996இல் திரும்பி வந்தால், வீட்டுக்கு ஓடு இல்லை, யன்னல் இல்லை, விறாந்தையில் நாயுருவி இடுப்பளவுக்கு. அம்மா படலையடியிலேயே இருந்துவிட்டார். அந்த வீட்டில் உயிரோடு இருந்த ஒரே சத்தம் குருவிச் சத்தம். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த மீற்றர் பெட்டிக்குள் சிட்டுக்குருவி கூடு வைத்திருந்தது. நாங்கள் விட்டுவிட்டுப் போன வீட்டை அது விட்டுவிட்டுப் போகவில்லை.

பிறகு எங்கள் வீதிக்குக் கரண்ட் வந்தது. வயரிங் செய்ய ஆள் வந்து மீற்றர் பெட்டியைத் திறந்தால் உள்ளே குஞ்சுகள். அப்பா அவரிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, இவ்வளவு வருசம் இருட்டில இருந்தனாங்கள். இன்னும் பத்து நாள் இருக்க ஏலாதே? நீர் பத்து நாள் கழிச்சு வாரும்." அவரும் "சரி ஐயா" என்று சாமானைக் கட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீடுகளில் லைற் எரிந்தது. நாங்கள் பத்து நாள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். எனக்கு அப்போது அப்பாவில் சரியான கோபம். குஞ்சுகள் பறந்த பிறகு அப்பா ஒரு மண்முட்டியின் வாயை அடைத்து, பக்கத்தில் துளை போட்டு, விறாந்தை வளையில் கட்டிவிட்டார். அவர் செத்துப்போன வருசம் வரைக்கும் அதில் குருவி இருந்தது.

அப்பா பெரிய ஆளில்லை, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவர். எல்லாவற்றையும் இழந்த ஒரு மனிசனுக்குப் பத்து நாள் பொறுக்க முடிந்தது. உங்களுக்கு ஒரு கிழமை பொறுக்க முடியவில்லை. இதைத்தான் அண்ணை என்னால் தாங்க முடியவில்லை. குருவிக்கும் மனிசருக்கும் நான் தராசு பிடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்க அரை நிமிசம் போதும்.

குருவி ஒன்றும் அழிந்து போகவில்லையே, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அரிசிக் கடை முழுக்கக் குருவிதானே என்றும் சொன்னார்கள். சந்தையில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் எத்தனை இருக்கிறது? ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் வளைக்கும் நடுவில் அதற்கு இடம் இருந்தது. கிடுகு வேலி இருந்தது. இப்போது பிளாட் கட்டுகிறோம், மதில் கட்டுகிறோம், ஒரு விரல் நுழைய ஓட்டை இல்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற மருந்தில் புழுவும் போய்விடுகிறது. பெட்டி மட்டும் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடத்தை எடுத்தது நாங்கள் என்றால், ஆறு அங்குலமாவது திருப்பிக் கொடுக்கலாம். சுண்டிக்குளத்துக்குப் போய்ப் பூநாரையைப் படம் பிடித்துப் போடுகிறோம். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான இடம், பெருமைதான். அந்தப் பூநாரைக்கு எங்களிடமிருந்து ஒன்றும் தேவையில்லை. வாசலில் இருக்கிற குருவிதான் எங்களை நம்பி இருக்கிறது.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் ஊருக்காக ஓடுகிறவர்கள், அவர்களை இப்படி எழுதலாமா என்று என் தங்கச்சியே கேட்டாள். அவர்களின் உழைப்பு எனக்குத் தெரியும். என் பிள்ளைகள் இரண்டும் அந்த நிலையத்து முன்பள்ளியில்தான் "அ" எழுதினார்கள். அதனால்தான் வலிக்கிறது. வேறு எங்கேயாவது என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். இது எங்கள் இடம் என்று சொல்லித்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். பிள்ளைகள் செய்தது பலகை, கழற்றலாம், எறியலாம், கேட்கத் தேவையில்லை என்பதை அந்த இடமே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. கூட்டத்தில் நான் கேள்வி கேட்டபோது "பிள்ளையளின்ர விளையாட்டுக்கு இவ்வளவு கதையோ" என்று ஒருவர் சொன்னார். என் மகன் பக்கத்தில் நின்றான். தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் வேண்டாம். அவர்கள் இரண்டு பேரிடமும் யாராவது வந்து, "பாக்காமல் கழட்டிப் போட்டம் பிள்ளையள்" என்று சொன்னால் எனக்குப் போதும்.

நிறையப் பேர் தனிச் செய்தியில் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரவே உயிரோடு இருந்த இரண்டையும் அதே பெட்டியில் வைத்து, நிலையத்து முன் வேம்பில், பழைய இடத்திலிருந்து எட்டு அடி தள்ளிக் கம்பியால் இறுக்கிக் கட்டினோம். ஞாயிறு விடிய ஐந்தரைக்கு மகளும் நானும் போய் நின்றோம். ஒலிபெருக்கி கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆறு மணிபோல் தகப்பன் குருவி வந்து தாழ்வாரத்தில் பழைய இடத்தில் இருந்தது. அங்கேயே கனநேரம் இருந்தது. குஞ்சுகள் கத்தின. அது வேம்புக்கு வந்து, ஒரு கொப்பு, இரண்டாவது கொப்பு என்று இறங்கி, வாசலில் தலையை விட்டது. மகள் என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு "ஒண்டு" என்றாள். கொப்பியைக் கொண்டுவர மறந்துவிட்டாள், அதனால் என் கைபேசியில் எழுதச் சொன்னாள்.

இன்று செவ்வாய். இரண்டும் இருக்கின்றன. தாழ்வாரத்தில் நாங்கள் அடித்த மூன்று ஆணிகளும் அப்படியே இருக்கின்றன, அவற்றின் மேலும் வெள்ளையடித்திருக்கிறார்கள். வேம்பில் இருப்பவை பறந்த பிறகு, வருகிற கிழமை, மற்ற இரண்டு பெட்டிகளையும் கொண்டு வருவோம். ஏணி நிலையத்தில்தான் இருக்கிறது. சாவி யாரிடம் என்று யாராவது சொல்லுங்கள்.