ஏரிஸ் வேறு, மார்ஸ் வேறு

கிரேக்கக் கடவுள்களுக்கு ரோமர்கள் பெயரை மட்டும் மாற்றினார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கடவுள்களின் அரசர்களான கிரேக்க ஜீயஸ், ரோமானிய ஜூபிடர் விஷயத்தில் சரி, ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கிரேக்கப் போர்க்கடவுள் ஏரிஸும் ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸும் ஒன்று என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹோமரின் காவியமான இலியத்தில், கிரேக்க வீரன் டயோமிடீஸின் ஈட்டி அடிவயிற்றில் பாய்ந்ததும், பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தியதுபோல் அலறிக்கொண்டு கடவுள்கள் வாழும் ஒலிம்பஸ் மலைக்கு ஓடி அப்பா ஜீயஸிடம் முறையிடுகிறான் ஏரிஸ். ஜீயஸோ, கடவுள்களிலேயே உன்னைத்தான் எனக்குப் பிடிக்காது என்று கடிந்துகொள்கிறார். மார்ஸோ ரோமை நிறுவிய ரோமுலஸின் தகப்பன். ரோமானிய உழவர்கள் பன்றி, செம்மறி, காளை மூன்றையும் நிலத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு போய் அவருக்குப் பலி கொடுத்து, வயலையும் ஆடுமாடுகளையும் காக்கச் சொல்லி வேண்டினார்கள். மார்ச் மாதமே அவர் பெயரில்தான். அப்புறம், கிரேக்கக் கடவுள் அப்பல்லோவைப் பற்றியும் கட்டுரை ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவருக்குப் பெயர்கூட மாறவில்லை, ரோமிலும் அதே பெயர்தான்.