இரண்டாம் பக்கத்தையும் கேளுங்கள்

சிங்கப்பூரில் தமிழில் சொந்தமாகப் பாட்டு போடும் பசங்களோடு பேச உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் ரஷ் என்ற கனடா ராக் குழுவின் கதையை எடுத்துவிடுவார். "கம்பெனிக்காரன் சின்னப் பாட்டா கேட்டான். இவங்க 20 நிமிஷப் பாட்டு ஒண்ணைத் தூக்கிக் கொடுத்தாங்க. ஜெயிச்சாங்க." ஆகவே நாமும் யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை என்று பேச்சு முடியும். அந்த 20 நிமிடப் பாட்டு இருக்கும் 2112 ஆல்பம் எனக்கு உயிர். அதனாலேயே அதன் கதையைப் பாதியில் வெட்டிச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

குழுவில் பாடும் கெடி லீ, கிதார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சன் இருவரும் டொராண்டோவில் வளர்ந்த, குடியேறிகளின் பிள்ளைகள். 1974இல் முதல் ஆல்பம் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து வானொலியில் டோனா ஹால்பர் என்பவர் அதிலிருந்து ஒரு பாட்டைப் போடப்போய், மெர்க்குரி இசைத்தட்டு நிறுவனம் இவர்களை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நீல் பியர்ட் டிரம்ஸ் வாசிக்க வந்தார், பாட்டு வரிகளும் அவர் கைக்குப் போயின. அடுத்த ஆண்டு வந்த 'கரெஸ் ஆஃப் ஸ்டீல்' படுத்துவிட்டது. அதற்கான சுற்றுப்பயணத்துக்கு அவர்களே 'டவுன் த டியூப்ஸ்' (எல்லாம் பாழ்) என்று கேலிப் பெயர் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவு நொந்துபோயிருந்தார்கள். நிறுவனம் வானொலிக்கு ஏற்ற பாட்டுகளைக் கேட்டது. மேலாளர் ரே டேனியல்ஸ் பேசிச் சமாளித்து இன்னொரு ஆல்பத்துக்கு வாய்ப்பு வாங்கிவந்தார். 1976இல் 2112 வந்தது. இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். சொல்லாமல் விடுவது எது தெரியுமா? படுத்துப்போன ஆல்பத்திலும் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டுதான் இருந்தது! அதே நீளம், அதே பிடிவாதம், அதே மூன்று பேர், தயாரிப்பாளரும் அதே டெர்ரி பிரவுன். பிடிவாதம்தான் ஜெயித்தது என்றால் அது 1975லேயே ஜெயித்திருக்க வேண்டுமே.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முந்தைய ஆல்பத்தின் நீளப் பாட்டில் ஒருவன் ஏதோ ஒரு நீரூற்றைத் தேடி வாழ்நாள் முழுக்கப் போகிறான். ஏன் போகிறான், யார் தடுக்கிறார்கள் என்று பிடிபடாது. பகுதிகள் ஒட்டாமல் நிற்கின்றன. ஒன்று தேய்ந்து மறைகிறது, இன்னொன்று வேறெங்கிருந்தோ தொடங்குகிறது. நடுவில் டிரம்ஸ் அடித்தபடி கத்தும் ஒரு நிமிடத் துண்டு வேறு. எனக்கு அதில் பிடித்த இடங்கள் உண்டு, ஆனால் வெளி ஆளுக்குப் போட்டுக் காட்டத் தைரியம் வராது.

2112இல் கதை கையில் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும், இசை உட்பட, தாங்களே முடிவு செய்யும் பூசாரிகள். அருவிக்குப் பின்னால் பழைய கிதார் ஒன்றைக் கண்டெடுக்கும் ஒருவன். அதைக் கொண்டுபோய்க் காட்டுகிறான், உடைத்துப்போடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. முன்னுரை மாதிரி வரும் முதல் பகுதியிலேயே பின்னால் வரப்போகும் மெட்டுகளை எடுத்து வைத்துவிடுகிறார்கள், ஆகவே அவை திரும்ப வரும்போது நமக்குப் பழகியவையாக இருக்கின்றன. பூசாரிகள் பேசும்போது கெடி லீ உச்சக் குரலில் அலறுகிறார், அந்தப் பையன் பேசும்போது அதே ஆள் தணிந்த குரலில் பாடுகிறார். வரி புரியாதவர்கூட யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

கிதாரைக் கண்டெடுக்கும் இடம்தான் எனக்கு இந்த ஆல்பத்தின் உச்சம். தண்ணீர்ச் சத்தம். சுருதி சேராத தந்திகளை ஒருவன் தயங்கித் தயங்கித் தட்டுகிறான். முறுக்குகிறான். ஒவ்வொன்றாகச் சேருகிறது. பிறகு ஒரு சின்ன ஸ்வரக்கோவை, அது வளர்ந்து பாட்டாகிறது. லைஃப்சன் மாதிரி வேகமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர், வாசிக்கத் தெரியாதவன் போல வாசித்திருக்கிறார். மேடையில் தம்புராவுக்குச் சுருதி கூட்டுவதைப் பொறுமையாகக் கேட்டுப் பழகிய நமக்கு, அந்த இடம் ராக் ரசிகர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம். ராகம் தானம் பல்லவி முக்கால் மணிநேரம் கேட்கும் ஆட்கள் 20 நிமிடத்துக்கு ஏன் பயப்படப்போகிறோம்?

சரி, இரண்டாம் பக்கம். அதில் ஐந்து சின்னப் பாட்டுகள். நான்கு நிமிடத்தை ஒட்டியவை. நிறுவனம் கேட்டதற்கு முழுக்கச் செவி சாய்த்ததாகச் சொல்ல முடியாது, முழுக்க முகம் திருப்பியதாகவும் சொல்ல முடியாது. 'டியர்ஸ்' பாட்டு கெடி லீ எழுதியது, அட்டைப்படம் வரைந்த ஹியூ சைம் அதில் மெலோட்ரான் என்ற கீபோர்டு வாசித்திருக்கிறார். 'எ பேசேஜ் டு பாங்காக்' கஞ்சாவைப் பற்றிய பாட்டு, அதற்கு மேல் நான் இங்கே விளக்கப்போவதில்லை, சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. இந்த ஆல்பம் வந்த காலத்துச் சிங்கப்பூரில் நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசு அலுவலகங்களில் தட்டி வைத்திருந்தார்கள். 1972இல் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு இங்கே வாசிக்க முடியாமல் போனது அவர்களின் நீள முடியால்தான். தோள்வரை முடி வளர்த்த மூன்று பேர், பூசாரிகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஊரைப் பற்றிப் பாடிய பாட்டு நம் ஊர்க்காரர்களைத் தொட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பியர்ட் இந்தக் கதைக்காக, தனிமனிதவாதம் பேசிய அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டுக்கு அட்டையில் நன்றி சொன்னது பின்னால் வம்பானது. 1978இல் ஒரு பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை இவர்களைப் பாசிஸ்டுகள் என்கிற தொனியில் எழுதியது. நாஜி வதைமுகாம்களில் உயிர்தப்பியவர்களின் மகன் கெடி லீ. அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! ராண்டின் அரசியல் எனக்கு ஆகாது, பியர்டே பின்னாளில் அதிலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் பாட்டில் உடைபடுவது ஒரு கிதார். அதைக் கேட்டுக் கலங்க எந்தத் தத்துவமும் தேவைப்படவில்லை.

வெற்றியும் ஒரே இரவில் வரவில்லை. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 2112 61ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஊர் ஊராகப் போய் வாசித்துத்தான் விற்றார்கள். அமெரிக்காவில் 30 லட்சம் பிரதிகளைத் தொட வருடக்கணக்கானது.

இதையெல்லாம் எழுதக் காரணம், தெரிந்த தம்பி ஒருவரின் குழு. ஒரு நிகழ்ச்சியில் 15 நிமிடப் பாட்டு ஒன்றை வாசித்தார்கள், பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஏற்பாட்டாளர் அடுத்த முறை சினிமாப் பாட்டு நாலு வாசியுங்கள் என்றார். தம்பிக்குக் கோபம். நியாயமான கோபம்தான், இங்கே மேடை கொடுப்பவர்களில் பலருக்குச் சினிமாவைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆனால் அவர், "ரஷ் மாதிரி இதே பாட்டை மறுபடி அப்படியே வாசிப்போம்" என்கிறார். ரஷ் அப்படியே வாசிக்கவில்லையே ஐயா! நீளத்தை விடாமல் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். உங்கள் பாட்டில் அந்த நாலாவது நிமிட மெட்டு அருமை, அது ஏன் திரும்ப வரவே இல்லை என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார்.

1981இன் 'மூவிங் பிக்சர்ஸ்'தான் ரஷ்ஷின் உண்மையான திருப்புமுனை என்று யாராவது கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள். ஆனால் அதில் பெரும்பாலும் சின்னப் பாட்டுகள்தான், பிடிவாதக் கட்சிக்கு அது உதவாது.